முப்பத்தைந்து எடுத்தால் தேர்ச்சி, நாற்பது எடுத்தால் ஊனம்

டிசம்பர் 3 வந்துவிட்டால் தமிழ்நாட்டில் தன்னம்பிக்கைக்குத் தட்டுப்பாடு இருக்காது. 1992-இல் ஐக்கிய நாடுகள் சபை அந்த நாளை உலக மாற்றுத்திறனாளிகள் தினமாக அறிவித்தாலும் அறிவித்தது, சால்வைக் கடைக்காரர்களுக்குக் கார்த்திகை மாதத்தில் ஒரு முகூர்த்தம் கூடிப்போனது. சிவகாசி, சாத்தூர், திருத்தங்கல், விருதுநகர் என்று எங்கள் பக்கமும் விழாவுக்குக் குறைவில்லை. சாதனையாளர் விருது, தன்னம்பிக்கை நாயகர் விருது, தடைகளைத் தகர்த்தோர் விருது. மேடைக்கு ஐந்து படி. சாய்தளம் கிடையாது. தடையைத் தகர்த்தவர் அந்த ஐந்து படியையும் சேர்த்துத் தகர்த்துக்கொண்டு ஏறிவருவார் என்று விழாக் குழு நம்புகிறது. முடியாதவரை நாற்காலியோடு நாலு பேர் தூக்குவார்கள். அதைப் படம் எடுக்க எட்டுப் பேர் நிற்பார்கள்.

சிறப்பு விருந்தினர் காரை விட்டு இறங்கியதும் வாசலில் பத்தாயிரம் வாலா. எங்கள் ஊரில் சடங்கு, கல்யாணம், தேர்தல், சாவு எதுவானாலும் சரவெடி இல்லாமல் நடக்காது. மண்டபத்துக்குள் முதல் வரிசையில், வலது கை மணிக்கட்டோடு போன ஒருவர் விருதுக்காகக் காத்திருக்கிறார். கை போனது பட்டாசு ஆலையில். அவரைக் கௌரவிக்கத்தான் வெளியே வெடிக்கிறார்கள். கூட்டம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரிக்கிறது. அவருக்குப் பொத்த ஒரு கைதான் இருக்கிறது.

பிறகு மைக் பிடிக்கிறவர் ஆரம்பிப்பார்: "ரெண்டு கையும் ரெண்டு காலும் நல்லா இருக்கிற நாமளே ஒண்ணும் சாதிக்கல. இவரப் பாருங்க!" மண்டபமே கை தட்டும். அவர்களால் தட்ட முடியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விருது வாங்குகிற அந்த மனிதர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒற்றைக் கையால் கடை நடத்தி இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தவரை நானும் கும்பிடத்தான் செய்வேன். என் சண்டையெல்லாம் அவரை வைத்துப் பிழைக்கிற நம்மோடு. கை போனதை ஒரு வரியில் தாண்டி, ஜெயித்ததை ஒரு மணி நேரம் பேசுகிற நம் வாயோடு. "விபத்தில் கையை இழந்தார், ஆனாலும் மனம் தளரவில்லை" என்று எழுதுகிறோமே, அந்தக் கமாவுக்குள் ஓர் ஆலை இருக்கிறது, ஒரு முதலாளி இருக்கிறார், ஓர் உரிமம் இருக்கிறது, கண்டும் காணாமல் போன ஓர் அதிகாரி இருக்கிறார். எல்லோரையும் ஒரு கமாவில் ஒளித்துவைத்துவிட்டு மனம் தளராததைப் பாராட்டுகிறோம்.

வேறு ஊர்களில் ஊனத்தை விதி என்று சொல்லித் தேற்றிக்கொள்ளலாம். எங்கள் ஊரில் அது முடியாது. நாட்டில் வெடிக்கிற பட்டாசில் ஏறக்குறைய 90 விழுக்காடு சிவகாசி வட்டாரத்தில் தயாராகிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பியது 1923-இல். அந்தத் தீக்குச்சியிலிருந்து பட்டாசும் அச்சகமும் வளர்ந்து குட்டி ஜப்பான் என்ற பட்டம் வரை வந்தது. வானம் பார்த்த கரிசல் பூமியில் இத்தனை பேருக்குச் சோறு போட்டது சாதாரணக் காரியம் இல்லை. அதை யாரும் மறுக்க வேண்டாம். ஆனால் இந்தத் தொழிலில் புஸ்வாணம், சக்கரம், கம்பி மத்தாப்போடு இன்னொரு சரக்கும் சேர்ந்து தயாராகிறது. வெந்த முகம், ஒட்டிப்போன விரல், கேட்காத காது. அதற்கு மட்டும் பில் போடுவதில்லை.

ஆலை என்றதும் வெளியூர்க்காரர் புகைபோக்கியையும் இயந்திரத்தையும் நினைத்துக்கொள்வார். இங்கே காட்டுக்குள் வேப்பமர நிழலில் தள்ளித் தள்ளிக் கட்டிய சின்ன அறைகள்தான். ஒன்று வெடித்தால் அடுத்தது தப்பவேண்டும் என்பதற்காகத்தான் அந்த இடைவெளி. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது. கலந்த மருந்தை அன்றன்றே தீர்த்துவிட வேண்டும். எல்லாம் விதியில் இருக்கிறது. விதியை எழுதியவருக்கு மாதச் சம்பளம். திரி ஏற்றுகிற பெண்ணுக்கும் மருந்து செலுத்துகிற ஆளுக்கும் பீஸ் ரேட்டு. எத்தனை முடித்தார்களோ அத்தனைக்குத்தான் காசு. தீபாவளி ஆர்டர் நெருக்கும்போது நாலு பேர் அறையில் எட்டுப் பேர் உட்காருவார்கள். அதுவும் போதாவிட்டால் மரத்தடி. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும், அறைகள் வேறு வேறு ஆள் கையில் இருக்கும். இதற்கு உள்குத்தகை என்று பெயர். ஒவ்வொரு குத்தகைக்காரருக்கும் ஒவ்வொரு அவசரம். நாக்பூர் உரிமம், சென்னை உரிமம், டி.ஆர்.ஓ. உரிமம் என்று காகிதத்தில் தரம் பிரிப்பார்கள். வெடிக்கும்போது எல்லாம் ஒரே தரம்தான்.

ஒரு நாள் வெடிக்கும். மறுநாள் பேப்பரில் குற்றவாளியின் பெயர் வந்துவிடும்: உராய்வு. மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வு காரணமாக வெடி விபத்து, அறைகள் தரைமட்டம். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். 2023 அக்டோபர் 17, ரெங்கபாளையம். 2024 மே 9, செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. இவை ஊருக்கே தெரிந்த பெரிய வெடிகள் மட்டும். இடையில் ஒருவர் இருவராகப் போன சில்லறை வெடிகளுக்கு எந்தப் பேப்பரிலும் முதல் பக்கம் கிடைத்ததில்லை. இத்தனை பேரைத் தின்றும் உராய்வு இதுவரை கைதாகவில்லை. அதற்கு முன்ஜாமீனும் தேவைப்படவில்லை. ஃபோர்மேன் கைது, உரிமையாளர் தலைமறைவு, தனிப்படை தேடுகிறது என்று செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே உராய்வு அடுத்த ஆலையில் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறது.

உராய்வு தானாக வருவதில்லை. நேற்று மிஞ்சிய கலவையை இன்று தொட்டால் வரும். அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால் சூடேறும். நாலு பேர் அறையில் எட்டுப் பேர் முழங்கை இடித்துக்கொண்டு வேலை பார்த்தால் வரும். அதாவது உராய்வுக்கு அப்பா அம்மா உண்டு, கதவு எண் உண்டு, செல்போன் எண்ணும் உண்டு. நாம்தான் விசாரிப்பதில்லை.

செத்தவர்களுக்காவது பெயர், ஊர், வயது போட்டு ஒரு பட்டியல் வருகிறது. அதற்குக் கீழே ஒரு வரி: "மேலும் பலர் படுகாயம்." அந்தப் 'பலர்' சிவகாசி அரசு மருத்துவமனைக்குப் போய், அங்கிருந்து 108-இல் மதுரை ராஜாஜி மருத்துவமனைக்குப் போய், மாதக்கணக்கில் கிடந்து, தோல் வைத்து, விரல் எடுத்து, வீடு திரும்பும்போது பேப்பர்காரர் யாரும் கூட வருவதில்லை. உயிருக்கு ஆபத்து இல்லை என்று டாக்டர் சொன்னதோடு நம் செய்தி முடிந்துவிடுகிறது. அவர்கள் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. வெந்த தோல் ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது விரலை உள்ளங்கையோடும், தாடையைக் கழுத்தோடும் இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் பிசியோதெரபி செய்து நீவிவிடவேண்டும். கூலிக்குப் போகிற வீட்டில் அதற்கு நேரம் ஏது, பஸ் காசு ஏது? கை அப்படியே மடங்கி நின்றுவிடும்.

அரசாங்கம் ஒன்றும் கொடுக்காமல் இல்லை. சின்னக்காமன்பட்டியில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம், பலத்த காயத்துக்கு 1 லட்சம், லேசான காயத்துக்கு 50 ஆயிரம் என்று அறிவித்தார்கள். முகம் வெந்து கையும் மடங்கி, இன்னும் நாற்பது வருசம் வாழவேண்டிய ஒரு பெண்ணின் பலத்த காயத்துக்கு 1 லட்சம். வருசத்துக்கு 2,500 ரூபாய். சாதாரண நாளில் ஒரு பெரிய பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் வாங்கலாம். 2024 நவம்பரில் முதலமைச்சர் விருதுநகர் வந்தபோது, பட்டாசு விபத்தில் உயிரிழந்தவர்களின் பிள்ளைகள் படிப்புக்கு 5 கோடி ரூபாய் நிதி அறிவித்தார். நல்ல காரியம். ஆனால் அப்பா சாகாமல், இரண்டு கையும் இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையும் பள்ளிக்கூடம் போகவேண்டுமே? அந்த அப்பா செய்த ஒரே தப்பு பிழைத்துக்கொண்டதுதான்.

கைக்கு விலை போடுவதில் நம் சட்டம் கெட்டிக்காரத்தனம் காட்டியிருக்கிறது. 1923-இல் பிறந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஓர் அட்டவணை போட்டது. எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கும் திறன் நூற்றுக்கு எவ்வளவு போச்சு என்று அதில் எழுதியிருக்கும். கட்டைவிரல் 30. ஆள்காட்டி விரல் 14. நடுவிரல் 12. மோதிர விரல் 7. சுண்டுவிரல் 7. ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள், 70 வருகிறது. ஆனால் ஐந்து விரலும் சேர்ந்து ஒரே வெடியில் போனால்? அட்டவணை சொல்வது 60. சில்லறையாகப் போனால் 70, மொத்தமாகப் போனால் 60! தீபாவளிக்குத் தீபாவளி 80 விழுக்காடு தள்ளுபடி, 90 விழுக்காடு தள்ளுபடி என்று போர்டு வைக்கிற எங்கள் வியாபாரிகளுக்குக்கூட விரலுக்கு மொத்த விலைத் தள்ளுபடி கொடுக்கத் தோன்றியதில்லை. டெல்லிக்குத் தோன்றியிருக்கிறது.

இந்தக் கணக்கும் பதிவேட்டில் பேர் உள்ளவர்களுக்குத்தான். இ.எஸ்.ஐ. இருந்தால் மருத்துவ வாரியம் விழுக்காடு போட்டு மாதாமாதம் ஏதோ தரும். உள்குத்தகை அறையில், மரத்தடியில், வீட்டுத் திண்ணையில் கருந்திரி செய்தவருக்கு? வெடித்த மறுநாள் அவர் அந்த ஆலையில் வேலையே பார்த்ததில்லை. அந்த வழியாகச் சும்மா நடந்து போனவர் ஆகிவிடுவார்.

விருதுநகர் மாவட்டத்துக்கு விழுக்காடு புதிதில்லை. பிளஸ் டூ தேர்ச்சியில் மாநிலத்துக்கே முதலிடம் பிடித்துப் பழகிய மாவட்டம் இது, 2018-இல் 97.05. பிள்ளைகளுக்குப் பாஸ் மார்க் 35 என்பது இங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். பெரியவர்களுக்கு ஒரு பாஸ் மார்க் இருப்பது கை போன பிறகுதான் தெரியவருகிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி வேலை ஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு 40 விழுக்காடு ஊனம் வேண்டும். முகாமில் வரிசையில் நின்று, டாக்டர் முன்னால் கையை நீட்டி மடக்கிக் காட்டி, பரீட்சை எழுதவேண்டும். 36 வந்தால் ஃபெயில். "நாலு மார்க்குல போச்சுண்ணே" என்று சொல்லிக்கொண்டு படி இறங்குகிறவரைப் பார்த்திருக்கிறேன். மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கலாம். இன்னொரு விரலைக் கொடுத்து மார்க்கை ஏற்றிக்கொள்ளவும் எங்கள் ஊரில் வசதி இருக்கிறது.

அந்தச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை வரிசையாகச் சொல்கிறது. ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்களுக்குப் பேர் சொல்லி இடம் உண்டு, இருக்கவேண்டியதுதான். வெடித் தீயில் முகம் போனவருக்கு அப்படித் தனி இடம் இல்லை. அவர் கை கால் முடக்கத்தைக் காட்டித்தான் மார்க் தேத்தவேண்டும். அதே முகத்தை இழப்பீட்டுச் சட்டத்திடம் கொண்டுபோனால், முகம் மிக மோசமாகச் சிதைந்தால் நூற்றுக்கு நூறு இழப்பு என்கிறது. ஒரு முகம், இரண்டு சட்டம். ஒன்றில் நூறு, இன்னொன்றில் கையைக் காட்டு என்கிறார்கள்.

சரி, 40 தேறிவிட்டது, மஞ்சள் கலர் அடையாள அட்டை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மாத உதவித்தொகை 2023 ஜனவரியில் 1,000-லிருந்து 1,500 ஆனது. நாளுக்கு 50 ரூபாய். ஆந்திரா 2024-இல் 6,000 ஆக்கியதும், இங்கும் அதைக் கேட்டு மாற்றுத்திறனாளிகள் சங்கம் ரோட்டில் உட்கார்ந்தது. ரோட்டில் உட்கார்ந்தவர்களை வேனில் ஏற்றினார்கள். அன்றைக்குத் தூக்கி ஏற்ற ஆள் இருந்தது. டவுன் பஸ்ஸில் டிக்கெட் இலவசம், கூட வருகிறவருக்கும் இலவசம். 2021-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது, நன்றி. அந்த பஸ்ஸின் முதல் படி முழங்கால் உயரத்தில் இருக்கிறது. வேலையில் 4 விழுக்காடு ஒதுக்கீடு, ஆனால் அரசு வேலையில் மட்டும். கையை வாங்கிக்கொண்ட தொழிலுக்கு அந்தக் கைக்குரியவரை வேலையில் வைத்துக்கொள்ளும் கட்டாயம் எதுவும் கிடையாது. பொதுக் கட்டடங்களைச் சாய்தளத்தோடு சரிசெய்ய 2017-இலிருந்து 5 வருசம் கெடு கொடுத்தார்கள். கெடு 2022-இல் முடிந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே, இது வெறும் சிபாரிசாக இருக்கிறது, கட்டாய விதியாக எழுதுங்கள் என்று சொல்லவேண்டியதாயிற்று. சிமெண்டும் மணலும் கலந்து நாலடிச் சரிவு போடுவதற்கு உச்ச நீதிமன்றம் வேண்டியிருக்கிறது. பட்டாசு மருந்து கலப்பதற்குத்தான் எந்தத் தடையும் இல்லை.

சாத்தூர்ப் பக்கம் ஒரு ரேஷன் கடை வரிசை. கருவியில் ரேகை வைத்தால்தான் அரிசி. ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள் முந்தானைக்குள்ளிருந்து வலது கையை எடுத்தார். நாலு விரலும் தோல் ஒட்டித் தட்டையாக ஆறியிருந்தது. கட்டைவிரல் மட்டும் கோணிக்கொண்டு தனியாக நின்றது.

"யக்கா, ஈரத்தத் தொடச்சிட்டு நல்லா அழுத்தி வைங்க."

"அழுத்துறதுக்கு ரேகை இருந்தாத்தானப்பா."

"சரி, அந்தக் கைய வைங்க."

"அந்தக் கை மட்டும் என்ன, அடுப்புலயா வச்சேன்? அதுவும் அன்னைக்கிப் போனதுதான்."

கடைத் தம்பி நல்ல பிள்ளைதான். "வீட்டுல வேற ஆளு இருந்தாக் கூட்டிட்டு வாங்கக்கா" என்றான். அந்த அம்மாள் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்தார். இவரிடம் போய், மனம் இருந்தால் மார்க்கம் உண்டு என்று சொல்லிப் பாருங்கள். மனம் நிறைய இருக்கிறது. ரேகைதான் இல்லை.

இந்த ஊருக்கு உபதேசம் செய்ய வருகிறவர்கள் ஏன் வருகிறார்கள் என்று யோசித்திருக்கிறேன். உபதேசம் சல்லிசு. சாய்தளத்துக்கு எஸ்டிமேட் போடவேண்டும், பிசியோதெரபிக்கு ஆள் போடவேண்டும், ஆய்வுக்கு அதிகாரி போடவேண்டும். தன்னம்பிக்கைக்கு ஒரு மைக்கும் ஒரு சால்வையும் போதும். இன்னொரு லாபமும் உண்டு. ஜெயித்த ஒருவரைக் காட்டிவிட்டால், ஜெயிக்காத மற்றவர்கள் எல்லாம் முயற்சி செய்யாதவர்கள் ஆகிவிடுகிறார்கள். பாரம் ஆலையிலிருந்து இறங்கி, அரசிடமிருந்து இறங்கி, கையில்லாதவர் தலையிலேயே போய் உட்கார்ந்துவிடுகிறது.

இந்த வியாபாரம் கடைசியில் எங்கே போய் நிற்கும் என்று 2024 ஆகஸ்டில் சென்னை அசோக் நகர் அரசுப் பெண்கள் பள்ளியில் பார்த்தோம். தன்னம்பிக்கைப் பேச்சு என்று கூப்பிட்டு வந்த மகாவிஷ்ணு என்பவர், பிறவியில் வருகிற குறைபாடெல்லாம் முற்பிறவியில் செய்த பாவத்தின் பலன் என்ற பொருளில் பேசினார். அங்கே எழுந்து நின்று எதிர்த்துக் கேட்டவர் பார்வையற்ற ஆசிரியர் சங்கர். மாநிலமே கொதித்தது, பேசியவர் கைதானார். நானும் கொதித்தேன். ஆனால் அவர் சொன்னதை அலங்காரம் இல்லாமல் சொல்லிவிட்டார் என்பதுதான் அவர் செய்த பிழை. நாம் மேடைக்கு மேடை நாசூக்காகச் சொல்வதும் அதுதானே? உன் நிலைமைக்கு நீதான் பொறுப்பு, நீயேதான் மேலே வரவேண்டும். அவர் முற்பிறவியைக் கைகாட்டினார், நாம் மனவலிமையைக் கைகாட்டுகிறோம். எங்கள் பக்கம் வினையைத் தேடி முற்பிறவி வரை போகவேண்டிய அவசியமே இல்லை. வினை செய்தவர் இப்பிறவியில், இதே தாலுகாவில், உரிம எண்ணோடு இருக்கிறார்.

ஜெயித்தவர்கள் கதையையாவது முழுசாகச் சொல்கிறோமா என்றால் அதுவும் இல்லை. சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016-இல் ரியோவில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். டோக்கியோவில் வெள்ளி, 2024-இல் பாரிஸில் வெண்கலம். மூன்று பாராலிம்பிக்கில் மூன்று பதக்கம், சாமானியமா? ரியோ தங்கத்துக்கு மாநில அரசு 2 கோடி ரூபாய் அறிவித்தது. எல்லா மேடையிலும் இது வரை சொல்வார்கள். ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போகிற வழியில் பஸ் ஏறி அவர் கால் நசுங்கியது. கீரை, காய்கறி விற்ற தாயார் அந்தக் காலுக்காக 17 வருசம் கோர்ட்டுக்கு நடந்ததையும், கிடைத்த 2 லட்சத்தில் 1 லட்சம் வக்கீலுக்கே போனதையும் செய்தியாளர்களிடம் சொல்லியிருக்கிறார். காலை நசுக்கியதற்கு 2 லட்சம், 17 வருசத்தில். நசுங்கிய காலோடு தாண்டியதற்கு 2 கோடி, சில நாளில். ஊனத்துக்கு ஒரு விலை, அதை நமக்குப் பெருமையாக மாற்றித் தந்தால் அதைப் போல நூறு மடங்கு. அப்படியானால் பாராலிம்பிக் போகாத காலுக்கு என்ன மரியாதை என்று யாரும் விளக்கவேண்டியதில்லை.

கும்பகோணத்தில் பிறந்து ராஜஸ்தான் பிகானேரில் வளர்ந்த மாளவிகா ஐயர் கதை எங்கள் ஊர்க்கதைக்கு இன்னும் பக்கம். 2002 மே மாதம், 13 வயதில், கையெறி குண்டு ஒன்று வெடித்து இரண்டு கையும் போனது. அந்த ஊர் ஆயுதக் கிடங்கில் தீப்பிடித்துச் சிதறிய வெடிபொருட்கள் குடியிருப்புப் பக்கம் கிடந்தன என்று அவரே பேசியிருக்கிறார். பிறகு உதவியாளர் வைத்துப் பத்தாம் வகுப்பு எழுதி மாநில அளவில் இடம் பிடித்தார், முனைவர் பட்டம் வாங்கினார், குடியரசுத் தலைவர் கையால் நாரி சக்தி விருது பெற்றார். மார்க்கை எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு சிறுமி விளையாடுகிற இடத்தில் குண்டு எப்படிக் கிடந்தது என்று எந்தத் தன்னம்பிக்கைப் புத்தகமும் கேட்பதில்லை. கேட்டால் அத்தியாயம் முடியாது, வழக்கு ஆரம்பமாகும்.

உருப்படியாக ஒன்றைப் பார்க்கவேண்டும் என்றால் ராஜபாளையம் தாண்டித் தென்காசிப் பக்கம் ஆய்க்குடிக்குப் போகலாம். 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் எஸ். ராமகிருஷ்ணன். 1981-இல் அமர் சேவா சங்கத்தை ஆரம்பித்தார்; 2020-இல் பத்மஸ்ரீ. அவர் ஊர் ஊராகப் போய் என்னைப் பார் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கலாம். மாறாக, பள்ளிக்கூடம் கட்டினார், சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தார், சக்கர நாற்காலி தடையில்லாமல் போகிற வளாகம் உண்டாக்கினார். அடுத்து வருகிற பிள்ளை சாதனையாளராக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லாமல், சும்மா பள்ளிக்கூடம் போய் வீட்டுக்கு வரமுடிகிற ஒரு பிள்ளையாக இருப்பதற்கு அதுதான் வழி. இரண்டு கை உள்ளவனுக்கு வாழ்க்கையில் சராசரியாக இருக்க உரிமை இருக்கிறது. கையில்லாதவன் மட்டும் சிகரம் தொட்டால்தான் மனிதக் கணக்கில் சேர்ப்போம் என்பது என்ன நியாயம்?

அரசாங்கம் நினைத்தால் செய்யக் கூடியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. வெடி விபத்தில் கை, கண், காது, முகம் இழந்தவர்களை ஊர் ஊராகக் கணக்கெடுத்து, ஆலைப் பெயரோடும் உரிம எண்ணோடும் பட்டியலாக வெளியிடலாம். தீக்காயத்துக்குப் பிந்திய பிசியோதெரபியை மதுரையோடு நிறுத்தாமல் சாத்தூர், வெம்பக்கோட்டை வரை கொண்டுவரலாம். இறந்தவர் பிள்ளைகளுக்குத் தருகிற கல்வி நிதியைக் கை இழந்தவர் பிள்ளைகளுக்கும் தரலாம். உள்குத்தகை நடந்த ஆலையில் வெடித்தால், உரிமம் வைத்திருப்பவர் ஆயுசுக்கும் மாதாமாதம் கொடுக்கும்படி செய்யலாம். இதில் எதற்கும் தன்னம்பிக்கை தேவையில்லை. பணமும் முதுகெலும்பும் தேவை.

சாதித்தவர்களைக் கொண்டாடுங்கள்; அவர்கள் அதற்குமேல் உழைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் தாண்டிவந்த தடைக்கு ஒரு பெயர் உண்டு, முகவரி உண்டு. பெரும்பாலும் அது நாம்தான். எங்கள் மண்ணில் ஊனம் தலையெழுத்தால் வருவதில்லை. ஆர்டர் எடுத்து, கூலி பேசி, அறைக்குள் ஆளை நெருக்கித் தயாரிக்கிறோம். தயாரித்தவரிடம் வாழ்த்துரை வாங்குவதை நிறுத்திவிட்டுக் கணக்குக் கேட்க ஆரம்பியுங்கள். விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் குறைதீர் நாள் நடக்கிறது. வெடியில் உறுப்பு இழந்தவர்களின் பட்டியலை வெளியிடச் சொல்லி ஒரு மனு எழுதுங்கள். இரண்டு கையும் உள்ள நாம் அதையாவது செய்யலாம்.